இருட்டக்காவும் எட்டுப் பேரும்

அந்த ஆய்வுக்கூடத்தில் நட்ட நடுப்பகலிலும் இருட்டாக இருக்கும் அறை ஒன்று உண்டு. ஜன்னல் கிடையாது. கதவுக்கு உள்பக்கம் கறுப்புத் திரை. மேசையின் கால்களுக்கு அடியில் காற்று அடைத்த மெத்தைகள். தெருவில் லாரி போனாலும் மேசைக்குத் தெரியாது. அதன்மேல் ஒரு மைக்ராஸ்கோப், அதைச் சுற்றி உடம்புச் சூட்டிலேயே வைத்திருக்கும் ஒரு கண்ணாடிப் பெட்டி. உள்ளே வருகிறவர்கள் செருப்பை வெளியே விட்டுவிட்டு, பூனைபோல நடந்து வருவார்கள்.

அங்கே படம் எடுக்கும் வேலை பார்த்தவளை எல்லாரும் இருட்டக்கா என்றார்கள். முதலில் முதுகுக்குப் பின்னால்தான் சொன்னார்கள். ஒருநாள் யாரோ வாய்தவறி நேராகவே கூப்பிட்டுவிட, "சொல்லுங்க, என்ன வேணும்?" என்று அவள் சாதாரணமாகத் திரும்பிப் பார்த்தாள். அதற்குப் பிறகு அதுவே பேராகிவிட்டது.

அவளுக்கு இருட்டு புதிதில்லை. படிப்பு முடிந்ததும் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் சேர்ந்தவள். சின்னச் சிவப்பு விளக்கின் கீழே, மருந்துத் தண்ணீரில் கிடக்கும் வெள்ளைத் தாளிலிருந்து முகங்கள் மேலே வருவதைப் பார்த்துக்கொண்டே நிற்பாள். முதலில் முடி வரும், பிறகு புருவம், எல்லாவற்றுக்கும் கடைசியில் சிரிப்பு. "எடும்மா, எடு, கறுத்துடப் போகுது" என்று ஸ்டூடியோக்காரர் வெளியே இருந்து கத்துவார். எடுத்த படங்களில் எதை வாடிக்கையாளருக்குக் கொடுப்பது என்று பொறுக்குவதும் அவள் வேலைதான். அதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. கோணல் வாய், பாதி மூடிய கண், அசைந்த கை எல்லாம் அவள் விரலுக்கு முன்னால் நிற்காது. அவள் பொறுக்கிக் கொடுத்த ஆல்பத்தைப் பார்த்தால், அந்த வீட்டில் சண்டையே வந்திருக்காது என்று தோன்றும்.

எல்லார் கையிலும் கேமரா வைத்த போன் வந்த பிறகு ஸ்டூடியோ படுத்துவிட்டது. கேமரா தெரிந்த, இருட்டில் உட்காரச் சலிக்காத ஆள் வேண்டும் என்று ஆய்வுக்கூடத்தில் தேடிக்கொண்டிருந்தார்கள். அதன் தலைவர் அவள் கொண்டுபோன ஆல்பத்தைப் புரட்டிப் பார்த்தார். பிறகு ஒன்றே ஒன்று கேட்டார்.

"இருட்டுல ஒக்காந்தா தூக்கம் வருமா?"

"தூக்கம் வராது சார். கனவுதான் வரும்."

அவர் சிரித்துவிட்டார். வேலை கிடைத்தது.

ஸ்டூடியோவில் முகங்கள். இங்கே செல்கள். ஒரு தட்டில் ஆயிரக்கணக்கில் கிடக்கும். சாதாரண நேரத்தில் சப்பையாகப் படுத்திருக்கும் செல், இரண்டாகப் பிரியப் போகிறது என்றால் உருண்டு திரண்டு எழுந்துகொள்ளும். அதற்குள் பச்சையாக ஒளிரும் இழைகள் இரண்டு முனைகளிலிருந்து கிளம்பி, நடுவில் பருத்து, நுனியில் ஒடுங்கி, நூல் சுற்றிய கதிர் மாதிரி நிற்கும். பேரே கதிர்தான். குரோமோசோம்கள் சிவப்பாக ஒளிரும். இழைகள் அவற்றை ஒவ்வொன்றாகப் பிடித்து நடுவில் வரிசையாக நிறுத்தும். கடைசிக் குரோமோசோம் வந்து சேரும்வரை செல் அசையாமல் காத்திருக்கும். பிறகு ஒரே மூச்சில் இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதி.

முதல்முறை அதைப் பார்த்த அன்று வீட்டுக்குப் போய்க் கணவனிடம் சொன்னாள். அவன் லிஃப்ட் மெக்கானிக்.

"இதுல என்னம்மா அதிசயம்? கதவு சரியா மூடலைன்னா என் லிஃப்ட்டும்தான் நகராது. உள்ள இருக்கிறவன் பட்டனைப் போட்டுக் குத்து குத்துன்னு குத்துவான். அது பாட்டுக்கு நிக்கும்."

"உன் லிஃப்ட்டுக்கு நீ போய் ரிப்பேர் பண்ணணும். இதுக்கு யாரு போறா?"

"அதான் நீ போய் ஒக்காந்திருக்கியே" என்றான்.

எட்டுப் பேர் அவள் வாழ்க்கைக்குள் வந்தது சுருட்டையால். சுருட்டை என்பது அங்கே டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த பெண். எந்த ரப்பர் பேண்டுக்கும் அடங்காத முடி. அவள் ஆராய்ந்தது ஒரு புரதக் கூட்டணியை. எட்டுப் புரதங்கள் கைகோத்து ஒன்றாக வேலை செய்வது. அதன் நிஜப் பெயர் வாயில் நுழையாததால் எல்லாரும் எட்டுப் பேர் என்றே சொன்னார்கள்.

"கதிருக்கு வேண்டிய இழை எல்லாம் ரெண்டு முனையிலேர்ந்தே வந்துடாதுக்கா" என்று சுருட்டை ஒருநாள் கம்ப்யூட்டர் திரைக்கு முன்னால் கையை ஆட்டி ஆட்டி விளக்கினாள். "ஏற்கெனவே இருக்கிற இழையோட இடுப்புல போய் இந்த எட்டுப் பேரும் ஒக்காருவாங்க. ஒக்காந்துக்கிட்டு ஒரு வளையத்தைக் கூப்பிடுவாங்க. அதுவும் புரதம்தான். அந்த வளையத்துலேர்ந்து புது இழை கிளம்பும். பழைய இழை எந்தப் பக்கம் போகுதோ, அதே பக்கம்."

"கிளை விடுற மாதிரி."

"அதேதான். கிளை, கிளைக்கு மேல கிளை. அப்பதான் கதிர் அடர்த்தியா நிக்கும். எட்டுப் பேர் இல்லைன்னா கதிர் நோஞ்சானா இருக்கணும். குரோமோசோம் வழி தெரியாம நிக்கணும். அதைத்தான் நான் காட்டணும்."

அன்றிலிருந்து இருட்டக்காவின் கனவுகளில் எட்டுப் பேர் வந்து போனார்கள். பஸ்ஸில் கண் அசந்தால் போதும். மாடிகளுக்கு நடுவே கட்டிய துணிக்கொடியில் எட்டுப் பேர் தோளோடு தோள் இடித்து உட்கார்ந்திருப்பார்கள். யாருக்கும் முகம் கிடையாது. ஒருவரோடு ஒருவர் பேசுவதும் கிடையாது. அவர்கள் உட்கார்ந்த இடத்திலிருந்து இன்னொரு கொடி முளைத்துப் பக்கத்து மாடிக்கு நீளும். அதில் வேறு எட்டுப் பேர். பார்த்துக்கொண்டிருக்கும்போதே தெரு முழுக்கக் கொடிகள் அடர்ந்து, கீழே நிழல் விழும். ஒருதரம் இறங்க வேண்டிய நிறுத்தமே தாண்டிப் போய்விட்டது.

சுருட்டையின் வேலைதான் நகரவில்லை. நடுவில் தடுப்புப் போட்ட ஒரு தட்டு. ஒரு பக்கம் சாதாரணச் செல்கள். இன்னொரு பக்கம், எட்டுப் பேரை உண்டாகவிடாமல் தடுக்கும் மருந்து கொடுத்த செல்கள். தட்டில் எந்தெந்தச் செல்லைப் படமெடுக்க வேண்டும் என்று இருட்டக்கா குறித்துக் கொடுத்துவிட்டால், மைக்ராஸ்கோப் அந்த இடங்களுக்கே மாறி மாறிப் போய்ப் படம் பிடித்துக்கொண்டிருக்கும். எத்தனையோ தட்டுகள் எடுத்தாகிவிட்டது. இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் வந்தது. இரண்டு பக்கமும் கொழுத்த, அழகான கதிர். செல்களை மொத்தமாகச் சேர்த்து அளந்து பார்த்தால், மருந்து கொடுத்த பக்கத்தில் அந்தப் புரதங்கள் பெரும்பாலும் காணாமல் போயிருந்தன. ஆனால் படத்தில் ஒரு குறையும் இல்லை.

தலைவர் கடிந்து பேசுகிறவர் அல்ல. அதனாலேயே அவர் சொன்னது சுருட்டைக்கு வலித்தது.

"படம் எல்லாம் பிரமாதமா இருக்கும்மா. ஆனா நீ சொல்றது அதுல இல்ல. இந்த வாரமும் இப்படியே வந்துச்சுன்னா இதை விட்டுடலாம். வேற தலைப்பு பாத்துக்கலாம்."

மூன்று வருஷ உழைப்பு. சுருட்டை தன் மேசையைச் சுத்தம் செய்ய ஆரம்பித்தாள். தேவையில்லாமல் புட்டிகளை வரிசைப்படுத்தி, மறுபடி கலைத்து, மறுபடி வரிசைப்படுத்தினாள்.

"சாப்டியா?" என்று இருட்டக்கா கேட்டாள்.

"எட்டுப் பேரும் சேந்து என் சோத்துல மண்ணைப் போட்டுட்டாங்கக்கா" என்றாள் சுருட்டை. சிரிக்கத்தான் பார்த்தாள், வரவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா வீட்டில் எல்லாரும் கூடினார்கள். ஸ்கூல் பஸ் ஓட்டும் தம்பிக்குப் புதிதாகக் கல்யாணம் ஆகியிருந்தது. அவன் மனைவி பல் ஆஸ்பத்திரியில் நர்ஸ். யாரையும் வாயைத் திறக்க வைத்துவிடுவாள். மாடிப்படிச் சுவர் நெடுக இருட்டக்கா எடுத்து, பொறுக்கி, மாட்டிய குடும்பப் படங்கள். புதுப்பெண் ஒவ்வொரு படியாக நின்று நின்று பார்த்தபடி மேலே ஏறினாள். பிறகு அதே மாதிரி நின்று நின்று கீழே வந்தாள்.

"அண்ணி, ஒண்ணு கேக்கலாமா? இவரு இந்த வீட்டுப் பிள்ளைதானே?"

"ஏன், முகத்தைப் பாத்தா தெரியலையா?"

"முகம் எங்க இருக்கு பாக்கறதுக்கு? செவுத்துல ஆளையே காணோமே. உங்க வீட்டுப் பூனைகூட ரெண்டு எடத்துல இருக்கு."

தம்பி சோபாவில் சாய்ந்தபடி சத்தமாகச் சிரித்தான். "அதை ஏன் கேக்கறே! அக்கா என்னைக் கழிச்சுக் கட்டி ரொம்ப வருஷம் ஆச்சு. நான் கண்ணை மூடிடறேனாம். படம் கெட்டுப் போயிடுதாம்."

"நீ எல்லாப் படத்துலயும் கண்ணை மூடினா நான் என்னடா பண்ணுவேன்?"

"அவ சொல்றதும் சரிதானே" என்று அம்மா சமையலறையிலிருந்து குரல் கொடுத்தாள். "அதையெல்லாம் மாட்டி வச்சா வர்றவங்க என்ன நெனைப்பாங்க?"

"தூக்கத்துல நடக்கிறவருன்னு நெனைப்பாங்க" என்றாள் புதுப்பெண். "நான் அப்படித்தான் நெனைக்கிறேன், காலையில எழுப்பறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுது."

எல்லாரும் சிரித்தார்கள். தம்பியும் சிரித்துக்கொண்டேதான் சொன்னான்: "சரி, கண்ணை மூடினேன். அதுக்காக, நான் அன்னிக்கு வரலைன்னு ஆயிடுமா?"

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது. போனில், வேண்டாம் என்று ஒதுக்கிப் போட்ட படங்களை அவள் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். கடற்கரையில் தம்பி, கண்ணை மூடிக்கொண்டு. வீடு மாற்றிய அன்று தலையில் மெத்தையோடு தம்பி, கண்ணை மூடிக்கொண்டு. அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில், கண்ணை மூடிக்கொண்டு. சுவரில் அம்மா மட்டும் தனியாகத் தலையணையில் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். அந்த ஸ்டூல் இருந்த இடத்தை வெட்டியெடுத்தது தான்தான் என்பது இப்போது ஞாபகம் வந்தது.

பஸ் பாலத்தில் ஏறியது. வெளியே விளக்குகள் கோடு கோடாக ஓடின. அவளுக்குக் கண் சொருகியது. மாடிப்படி வந்தது. சுவர் முழுக்கச் சட்டம் போட்ட செல்கள். எல்லாம் கொழுகொழுவென்று, எல்லாம் பளிச்சென்று, எல்லாம் அவளைப் பார்த்துச் சிரித்தன. அவள் படியேறிக்கொண்டே தேடினாள். எட்டுப் பேர் படிக்கட்டுக் கைப்பிடியில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். யாரைத் தேடுகிறாய் என்று அவர்கள் கேட்கவில்லை.

திடுக்கிட்டு விழித்தாள். தட்டில் செல் பொறுக்கும்போது தன் விரல் செய்வது அவளுக்கு அப்படியே தெரிந்தது. இது வேண்டாம், சுருங்கியிருக்கு. இது வேண்டாம், மங்கல். இது நல்லா இருக்கு, இதை எடு. மருந்து எல்லாச் செல்லுக்குள்ளும் ஒரே மாதிரி இறங்குவதில்லை என்று சுருட்டை என்றைக்கோ சொன்னது காதில் விழுந்ததுதான். மருந்து நன்றாக இறங்கிய செல்கள் கொஞ்சம் வாடிப்போய் இருக்கும். அந்த வாடிய முகங்களை எல்லாம் அவள் தாண்டிப் போயிருக்கிறாள். மருந்து பிடிக்காத, எட்டுப் பேரும் சௌக்கியமாக இருக்கும் செல்லாகப் பார்த்துப் பார்த்து எடுத்திருக்கிறாள். பிறகு படத்தில் குறை எப்படித் தெரியும்?

மறுநாள் காலை சுருட்டை வந்ததும் இருட்டறைக்குக் கூப்பிட்டுச் சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை.

"எல்லாப் படத்துலயுமா அக்கா?"

"எல்லாத்துலயும். எனக்கே தெரியாம."

திரையின் வெளிச்சத்தில் சுருட்டையின் முகம் பச்சையாக இருந்தது.

"அழகா இருக்கணும்னு நான் கேட்டேனா? நீங்க குறிச்ச செல்லைத்தானே நான் ராவும் பகலும் எண்ணிட்டிருந்தேன்?"

சுருட்டை எழுந்து போனாள். அந்த அறைக் கதவை யாரும் அறைந்து சாத்துவதில்லை. அன்று அறைந்து சாத்தினாள். திரையில் இருந்த செல்கள் ஒருகணம் மங்கி, மெல்ல மறுபடி தெளிந்தன.

அவள் வரமாட்டாள் என்றுதான் இருட்டக்கா நினைத்தாள். இருட்டில் உட்கார்ந்து, தலைவரிடம் எப்படி ஆரம்பிப்பது என்று வார்த்தைகளை அடுக்கிப் பார்த்தாள். ஒன்றுமே நிற்கவில்லை. நெடுநேரம் கழித்துக் கறுப்புத் திரை விலகியது. சுருட்டை கையில் தட்டு.

"மஞ்சள் ஸ்டிக்கர் ஒரு பக்கம், நீலம் ஒரு பக்கம். எதுல மருந்துன்னு சொல்ல மாட்டேன். எடுங்க." ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டாள். "நானும் இங்கதான் இருப்பேன்."

"இரு."

இருட்டக்கா தட்டைப் பெட்டிக்குள் வைத்தாள். திரையை அணைத்தாள். கண்ணையும் மூடிக்கொண்டாள். தட்டை நகர்த்தும் உருண்டையைக் கைபோன போக்கில் உருட்டினாள். நின்ற இடத்தில் குறித்தாள். மறுபடி உருட்டினாள். குறித்தாள். விரல் பழக்கத்தில் துழாவியது. எதைப் பார்த்துத் துழாவ? இரண்டு பக்கமும் முடித்துவிட்டுத் திரையைப் போட்டபோது, ஓர் இடத்தில் செல்லே இல்லை. ஓர் இடத்தில் இரண்டு ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. மற்றவற்றில் பாதி சுருங்கலும் கோணலும்.

"ஐயே! இவ்ளோ அசிங்கமாவா இருக்கும் என் தட்டு?" சுருட்டையின் கோபத்தில் சின்னதாக ஓர் ஓட்டை விழுந்தது.

"அசிங்கமா இருந்தா என்ன? வந்திருக்காங்கல்ல. எடுத்துடுவோம்."

படம் ஓடத் தொடங்கியது. அந்த அறையில் நேரம் போவது தெரியாது. மஞ்சள் பக்கத்தில் ஒவ்வொன்றாக உருண்டன, கதிர் கட்டின, பிரிந்தன. நீலப் பக்கத்திலும் உருண்டன. அங்கே இரண்டு முனைகளிலிருந்தும் இழைகள் கிளம்பின. ஆனால் நடுவில் அடர்த்தி வரவில்லை. வகிடு தெரியும் தலை மாதிரி இழைகளுக்கு நடுவே கறுப்பு தெரிந்தது. எந்த இழையின் இடுப்பிலும் எதுவும் முளைக்கவில்லை. சில குரோமோசோம்கள் நடுவுக்கு வந்தன, சில ஓரத்திலேயே திகைத்து நின்றன. செல்கள் காத்திருந்தன. பக்கத்து வீட்டார் எல்லாம் பிரிந்து போய்ப் படுத்துவிட்ட பிறகும், நீலப் பக்கத்தார் உருண்டையாக, விழித்தபடி நின்றுகொண்டிருந்தார்கள்.

சுருட்டை ஸ்டூலின் நுனிக்கே வந்திருந்தாள்.

"எதுல மருந்து?" என்று இருட்டக்கா கேட்டாள்.

"நீலம்." திரையை விரலால் தொட்டாள். "நீலம்தான்க்கா."

பிறகு ஸ்டூல் விழ எழுந்து, செருப்பைக்கூடப் போடாமல் தலைவரைக் கூட்டிவர ஓடினாள்.

தலைவர் வந்து குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "அடேயப்பா" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "இத்தனை நாளா இது ஏன் கண்ணுல படலை?" என்றார்.

சுருட்டை வாய் திறக்கவில்லை. இருட்டக்காவின் பக்கமும் திரும்பவில்லை. அந்தத் திரும்பாமையில் இருந்த கருணை இருட்டக்காவுக்குத் தாங்கவில்லை.

"நான்தான் சார் படவிடலை. பாக்க நல்லா இருக்கிற செல்லாப் பொறுக்கி எடுத்துட்டேன். இன்னிக்குத்தான் கண்ணை மூடிட்டு எடுத்தேன்."

தலைவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்களை வேலைக்கு எடுத்ததே அந்த ஆல்பத்தைப் பாத்துத்தானே" என்றார் கடைசியில். "ஒவ்வொரு தடவையும் பிரமாதம், பிரமாதம்னு சொன்னதும் நான்தான்." அவர் ஸ்டூலை நிமிர்த்தி உட்கார்ந்தார். "பழசு எதையும் நம்ப முடியாது. எல்லாத்தையும் திரும்ப எடுக்கணும். ரெண்டு பேரும் சேந்து. இன்னிக்கு மாதிரியே."

"அப்போ தலைப்பு?" என்றாள் சுருட்டை.

"தலைப்பு எங்கயும் போகலை. நீதான் மேசையைக் காலி பண்ணிட்டிருந்தே."

சுருட்டை முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று அந்த வெளிச்சத்தில் தெரியவில்லை. தலைவர் அவளை டீ குடிக்கக் கூட்டிப் போனார். கதவோரத்துக் கறுப்புத் திரையைத் தாண்டும்போது அவள் நின்றாள்.

"இன்னும் கோவம்தான் இருக்கு, தெரியும்ல?"

"இருக்கட்டும்."

"உங்களுக்கு டீயில சர்க்கரை கம்மி, இல்ல?"

"கம்மி."

கதவு சத்தமில்லாமல் மூடியது.

இருட்டக்கா தனியாக உட்கார்ந்திருந்தாள். கைப்பையில், காலையில் வரும் வழியில் அச்சுப் போட்டு வாங்கிய படம் இருந்தது: ஆஸ்பத்திரிக் கட்டில், அம்மா, ஸ்டூல், ஸ்டூலின்மேல் கண்ணை மூடிய தம்பி. வெட்டாதது. மாடிப்படியில் எந்த இடத்தில் மாட்டலாம் என்று யோசித்தாள். முதல் படியிலேயே மாட்டிவிடலாம்.

திரையில் நீலப் பக்கத்துச் செல் ஒன்று இன்னும் காத்துக்கொண்டிருந்தது. மங்கலான செல், ஓர் ஓரம் கசங்கியிருந்தது. ஒரேயொரு குரோமோசோம் மட்டும் முனைக்குப் பக்கத்தில் தனியாக நின்றது. நோஞ்சான் கதிரிலிருந்து ஓர் இழை அதைத் தொட்டது, விட்டது, தொட்டது. அவளுக்குக் கண் சொருகவில்லை. ஆனாலும் கனவு மாதிரித்தான் இருந்தது. அந்தச் சிவப்புப் புள்ளி அசைந்தது, நின்றது, பிறகு, வழி கேட்டுக் கேட்டு வருகிறவனைப்போல, மெல்ல நடுவுக்கு வந்து வரிசையில் நின்றுகொண்டது.

"வந்துட்டியா?" என்றாள் இருட்டக்கா, வாய்விட்டு.

செல் இன்னும் கொஞ்சம் காத்திருந்தது. பிறகு பிரிந்தது.